காற்றாலையை எங்கே நிறுத்துவது? இடத்தேர்வு ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றாலை, சூரிய மின் நிலையம், சாண எரிவாயு ஆலை ஆகியவற்றை எந்த இடத்தில் அமைத்தால் நல்லது என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. பதினைந்து வருடமாக இதைத்தான் செய்கிறேன். கல்லூரிகளுக்குப் பேசப் போனால் மாணவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். மின்னஞ்சலில் வருபவையும் அவைதான். ஒவ்வொருவருக்கும் அவசரமாக நாலு வரி எழுதுவதைவிட, நிதானமாக ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

காற்று அடிக்கிற இடத்தில் காற்றாலை, வெயில் அடிக்கிற இடத்தில் சோலார். இதில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலில் காற்றை எடுத்துக்கொள்வோம்.

காற்றில் இருக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். அதாவது வேகத்தை அதே வேகத்தால் இரண்டு முறை பெருக்கிப் பார்க்க வேண்டும். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றைவிட, 7 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் சுமார் 59 சதவீதம் ஆற்றல் கூடுதல். முகத்தில் படும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் காற்றாலை ஒரே இடத்தில் இருபது, இருபத்தைந்து வருடம் நிற்கப் போகிறது. தவறான மேட்டில் நிறுத்திவிட்டால் அத்தனை வருடமும் அந்த நஷ்டத்தைச் சுமக்க வேண்டியதுதான்.

உயரமும் அப்படித்தான். தரையிலிருந்து மேலே போகப் போகக் காற்றின் வேகம் கூடும். சமவெளிக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் ஏழில் ஒரு பங்கு விதிப்படி (உயரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதன் 1/7 அடுக்குதான் வேகம் கூடும் மடங்கு), 50 மீட்டரிலிருந்து 120 மீட்டருக்குப் போனால் வேகம் 13 சதவீதம் கூடுகிறது. ஆற்றல் 46 சதவீதம் அளவுக்குக் கூடிவிடுகிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் மதிப்பீடுகளைப் பார்த்தால் இது புரியும். தமிழ்நாட்டில் நிறுவக்கூடிய காற்று மின் திறன் 100 மீட்டர் உயரத்தில் சுமார் 33,800 மெகாவாட். 120 மீட்டரில் சுமார் 68,750. 150 மீட்டரில் 95,000-ஐத் தாண்டுகிறது.

காற்று நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அங்கே நிலம் யாருடையது, 60 மீட்டர் நீளத்துக்கு மேல் இருக்கும் இறகை ஏற்றிவரும் லாரி திரும்ப வளைவு இருக்கிறதா, துணைமின் நிலையம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, அதில் இன்னும் மின்சாரம் ஏற்ற இடமிருக்கிறதா, பறவைகள் வரும் வழியா என்று எல்லாம் பார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரண்படும் இத்தனை தேவைகளுக்கும் நடுவில் நல்ல இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. அதற்காகக் கணினியில் போடும் கணக்கைத்தான் மாடல் என்கிறோம்.

நீங்கள் இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்?

பேருந்து ஜன்னல் வழியாக. எங்கள் ஊர் வள்ளியூர்ப் பக்கம். நாகர்கோவிலில் இன்ஜினியரிங் படித்த நாலு வருடமும் காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாகத்தான் தினமும் போய்வந்தேன். இரண்டு பக்கமும் காற்றாடிகள். ஊரில் யாரும் அவற்றைக் காற்றாலை என்று சொல்வதில்லை, காத்தாடிதான். ஆனி, ஆடி மாதங்களில் பார்த்தால் ஒரே வரிசையில் முன்னால் நிற்பது சீராகச் சுற்றும், அதற்குப் பின்னால் இருப்பது மெதுவாகச் சுற்றும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஏன் இப்படி என்று ஒரு நாள் எங்கள் ஆசிரியரிடம் கேட்டேன். முன்னால் இருப்பது காற்றைக் கலக்கி, அதன் வேகத்தைக் குறைத்து, பின்னால் இருப்பதற்கு மிச்சத்தைத்தான் அனுப்புகிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். கடைசி வருட புராஜெக்ட் அதுவாகவே ஆனது. பிறகு எம்.டெக்., பிறகு பிஎச்டி. என்று அதே வழியில் வந்துவிட்டேன்.

தமிழ்நாட்டில் காற்றாலைகள் சில இடங்களில் மட்டும் குவிந்திருப்பது ஏன்?

மேற்குத் தொடர்ச்சி மலைதான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து வந்து மலையில் மோதுகிறது. மலைக்கு நடுவே எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் நெருக்கிக்கொண்டு வேகமாக வெளியே வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் கிடைக்கிறது. செங்கோட்டைக் கணவாய்க் காற்று தென்காசிச் சமவெளிக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முப்பந்தல், இராதாபுரம் பக்கம். கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வருவது தேனி மாவட்டத்துக்கு.

மே முதல் செப்டம்பர் வரை சீசன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறார்களே, கணவாய்ப் பகுதியில் வைத்த எந்தக் காற்றுமானியின் தரவைத் திறந்தாலும் அந்தப் பழமொழி அப்படியே வரைபடமாகத் தெரியும். ஐப்பசி வந்துவிட்டால் கோடு கீழே விழுந்துவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். புதிதாக வரும் மாணவர்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஈஆர்ஏ5 என்ற ஐரோப்பிய வானிலைத் தரவை இறக்கிக்கொண்டு உடனே கணக்குப் போடத் தொடங்குவார்கள். அருமையான தரவுதான். 1940 முதல் மணிக்கு மணி இருக்கிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். ஆரல்வாய்மொழிக் கணவாய் அதைவிட மிகச் சிறியது. மலையும் கணவாயும் சமவெளியும் ஒரே கட்டத்துக்குள் சராசரியாகிவிடும். நாட்டின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களில் ஒன்று அந்தத் தரவில் சாதாரண இடமாகத் தெரியும். ஆகவே எந்தத் தரவை எடுத்தாலும், அதன் கட்டம் எவ்வளவு பெரியது என்று முதலில் கேளுங்கள்.

மாடல் என்கிறீர்களே, அதை எப்படிச் செய்வது?

மாவட்ட வரைபடத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு சதுரத்துக்கும் காற்றின் வேகம், நிலச் சரிவு, சாலை தூரம், மின்பாதை தூரம், குடியிருப்பு தூரம், நிலப் பயன்பாடு என்று ஒவ்வொரு தகவலையும் ஒரு தாளாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதற்குத்தான் ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள்.

முதலில் கழித்தல். காப்புக்காடு, நீர்நிலை, ஊர், கோயில், விமான நிலையச் சுற்றளவு எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுவோம். பாதி மாவட்டம் இதிலேயே போய்விடும். அப்புறம் மிச்சமுள்ள சதுரங்களுக்கு மதிப்பெண் போடுவோம். மதிப்பெண் நன்றாக வந்த இடங்களுக்குள், எத்தனை காற்றாலை, எந்தெந்த இடம், எந்தத் துணைமின் நிலையத்தில் இணைப்பது என்று செலவைக் குறைக்கும் கணக்கை எழுதித் தீர்ப்போம்.

எந்தத் தகவலுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று யார் முடிவு செய்வது?

இந்தத் துறையில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு இடங்கள். முதல் இடத்துக்குக் காற்றில் 9, மின்பாதை அருகாமையில் 4, சாலையில் 5 மதிப்பெண். இரண்டாவது இடத்துக்குக் காற்றில் 6, மின்பாதையில் 9, சாலையில் 8. காற்றுக்கு 60 சதவீதம், மின்பாதைக்கு 30, சாலைக்கு 10 என்று எடை கொடுத்தால் இரண்டுக்கும் 7.1 வருகிறது. சரிசமம். இப்போது காற்றின் எடையை 50 ஆக்கி, மின்பாதைக்கு 40 கொடுங்கள். முதல் இடத்துக்கு 6.6, இரண்டாவதுக்கு 7.4. இரண்டாவது இடம் ஜெயித்துவிட்டது. காற்றுக்கு 70, மின்பாதைக்கு 20 கொடுத்தால் முதல் இடம் 7.6, இரண்டாவது 6.8. நிலம் அதேதான், காற்று அதேதான். எடையைப் பத்துப் புள்ளி நகர்த்தியதில் பல கோடி ரூபாய்த் திட்டம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்விட்டது.

எடைகளைக் கண்டுபிடிக்க முறைகள் இருக்கின்றன. தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞர் 1970-களில் உருவாக்கிய ஏஎச்பி முறைதான் அதிகம் புழங்குகிறது. இரண்டிரண்டாக ஒப்பிடச் சொல்வார்கள்: காற்று முக்கியமா, சாலை முக்கியமா, எத்தனை மடங்கு? நிபுணர்கள் சொன்ன பதில்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்பதைச் சோதிக்கவும் அதில் வழி உண்டு. முரண்பாட்டு விகிதம் 0.1-க்கு மேல் போனால் திரும்பக் கேட்க வேண்டும்.

ஆனால் அந்த நிபுணர்கள் யார்? பல ஆய்வுக் கட்டுரைகளில் பத்துப் பேராசிரியர்களும் நாலு பொறியாளர்களும்தான் இருப்பார்கள். அந்த நிலத்தில் ஆடு மேய்ப்பவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் மாணவர்களுக்கு இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறேன். ஒன்று, எடைகளை மாற்றி மாற்றிப் போட்டு, எந்த இடங்கள் எப்படி மாற்றினாலும் மேலே நிற்கின்றன என்று காட்ட வேண்டும். இரண்டாவது, ஈடுசெய்ய முடியாத எதையும் மதிப்பெண்ணுக்குள் கொண்டுவரக் கூடாது. குடிநீர் ஊருணிக்கு 2 மதிப்பெண் குறைத்துவிட்டு, நல்ல காற்றுக்கு 3 கூட்டி, மொத்தத்தில் லாபம் என்று சொல்ல முடியாது. அதெல்லாம் முதலிலேயே வெட்டி எடுக்க வேண்டியவை.

உங்கள் மாடல் தவறாகப் போனது உண்டா?

உண்டு. பிஎச்டி. இரண்டாம் வருடம். இராமநாதபுரம் மாவட்டத்தில் சோலாருக்கு ஏற்ற இடம் தேடிக்கொண்டிருந்தேன். கணக்கு முடிந்து வரைபடம் வந்தபோது ஓரிடம் மட்டும் பளிச்சென்று சிவப்பாக நின்றது. மட்டமான தரை, மரம் இல்லை, பயிர் இல்லை, தார்ச்சாலை பக்கத்தில், மின்பாதை பக்கத்தில். நிலப் பயன்பாட்டுத் தாளில் தரிசு என்று போட்டிருந்தது. நேரில் பார்த்துவிடலாம் என்று முதுகுளத்தூரிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போனேன்.

இறங்கி நடந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த கரம்பை மண். நடுநடுவே சீமைக் கருவேலம். கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு பெரியவர் வெள்ளாடுகளை மேயவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன தாயி தேடுற?"

"இந்த இடத்துல சோலார் போடலாமான்னு பாக்க வந்தேன் ஐயா."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டினார். "அந்தா தெரியுதே, அது கரை. அது மடை. அங்கிட்டு கலுங்கு. இது கம்மாய்க்குள்ள நிக்கிற நீ. கார்த்திகையில வந்து பாரு, உன் தலைக்கு மேல தண்ணி நிக்கும்."

நான் எடுத்திருந்த செயற்கைக்கோள் படம் மே மாதத்தது. மேகம் இல்லாத தெளிவான படம் வேண்டும் என்று தேடி எடுத்தது. மேகம் இல்லாத மாதத்தில் கண்மாயில் தண்ணீரும் இருக்காது என்று எனக்கு உறைக்கவில்லை. மூன்று நாலு ஊருக்குப் பாசனம் தரும் கண்மாயை என் மாடல் மாவட்டத்திலேயே சிறந்த இடம் என்று தேர்ந்தெடுத்திருந்தது. மட்டமாக, காலியாக, சாலை ஓரமாக இருக்கும் இடம்தானே அதற்கு வேண்டும்? கண்மாய் அப்படித்தான் இருக்கும்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். இப்போது ஒரு மாதப் படத்தை வைத்து யாரும் கணக்குப் போட நான் விடுவதில்லை. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒரு முறை 10 மீட்டர் துல்லியத்தில் படம் எடுக்கின்றன, இலவசமாகவே கிடைக்கிறது. பல வருடங்களின் டிசம்பர், ஜனவரிப் படங்களை எடுத்துத் தண்ணீர் நின்ற சதுரங்களை எல்லாம் கழித்துவிட வேண்டும். அதன் பிறகும் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 'அ' பதிவேடு, அடங்கல் என்ற நிலப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். தரிசு என்ற ஒரே சொல்லுக்குள் மேய்ச்சல் புறம்போக்கு, ஓடை, களத்துமேடு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் ஒளிந்திருக்கும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலையும் வரைபடம் வெறும் நிலம் என்றுதான் காட்டும். அங்கே பனையை நம்பி இருப்பவர்களைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரே பண்ணைக்குள் காற்றாலைகளை எப்படி அடுக்குவது?

நான் பேருந்திலிருந்து பார்த்த அதே விஷயம். ஒரு காற்றாலைக்குப் பின்னால் வேகம் குறைந்த காற்று விரிந்துகொண்டே போகும். டென்மார்க்கின் ரிசோ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த யென்சன் 1983-இல் இதற்கு ஓர் எளிய சமன்பாடு கொடுத்தார். இன்றும் முதல் கணக்குக்கு அதுதான் போதுமானதாக இருக்கிறது. பழைய நடைமுறை விதி, காற்று வரும் திசையில் இறகு விட்டத்தைப் போல் ஏழு மடங்கு, குறுக்கே ஐந்து மடங்கு இடைவெளி விடச் சொல்லும்.

அதைவிட நன்றாக அடுக்க முடியுமா? இத்தாலியின் மொசெட்டியும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல் ஒரு நிலத்தை 10-க்கு 10 என்று நூறு கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் காற்றாலை வைக்கலாம் என்று கேட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வைக்கலாம் அல்லது விடலாம் என்றால் மொத்த வழிகளின் எண்ணிக்கை 1-க்குப் பின்னால் 30 பூஜ்யம் போட்ட எண்ணைவிடப் பெரியது. எல்லாவற்றையும் சோதிக்க எந்தக் கணினியாலும் முடியாது. அவர்கள் மரபணு நெறிமுறையைப் பயன்படுத்தினார்கள்: சில அமைப்புகளை உருவாக்கி, நல்லவற்றைக் கலந்து, அடுத்த தலைமுறை, அதற்கடுத்த தலைமுறை என்று மேம்படுத்திக்கொண்டே போவது. முப்பது வருடம் கழித்தும் புதிய முறைகளை எல்லாரும் முதலில் இந்த நூறு கட்டக் கணக்கில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். பைத்தான் என்ற கணினி மொழி தெரிந்த யாரும் ஒரு வாரத்தில் எழுதிவிடலாம், எழுதிப் பாருங்கள்.

சோலாருக்கு இவ்வளவு சிரமம் இல்லைதானே?

வெயில் காற்றைப் போல ஊருக்கு ஊர் தாறுமாறாக மாறாது, அது உண்மை. ஆனால் வெயிலோடு வெக்கையும் வரும். பலகையின் திறனை 25 டிகிரியில் அளந்து எழுதியிருப்பார்கள். நம் ஊரில் நண்பகலில் பலகை 65 டிகிரிக்குப் போனால், டிகிரிக்கு 0.35 முதல் 0.4 சதவீதம் வீதம், 14 முதல் 16 சதவீதம் மின்சாரம் குறையும். காற்றோட்டமுள்ள இடம், கொஞ்சம் குளிர்ந்த இடம் சில சமயம் சுள்ளென்ற வெயில் இடத்தை ஜெயித்துவிடும்.

பெரிய கேள்வி நிலமும் மின்பாதையும்தான். கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் நிற்கிறது. அவ்வளவு நிலத்தை ஒரே இடத்தில் எடுக்கும்போது அதைச் சுற்றி வாழ்பவர்களின் கதை மாறிவிடுகிறது. காற்றாலைக்கு நடுவே இருக்கும் இடத்தில் சோலார் போட்டால் எப்படி என்று இப்போது நிறையப் பேர் ஆராய்கிறோம். ஆடியில் காற்று, மாசி பங்குனியில் வெயில் என்று ஒரே மின்பாதையை வருடம் முழுக்கப் பயன்படுத்தலாம். எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

சாண எரிவாயு ஆலைக்கும் இதே கணக்கா?

வேறு கணக்கு. காற்றும் வெயிலும் தானே வரும். சாணத்தையும் வைக்கோலையும் கோழி எச்சத்தையும் வண்டி வைத்துக் கொண்டுவர வேண்டும். டீசல் செலவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஐம்பது ஊரில் சிதறிக் கிடப்பதைச் சேர்க்க எத்தனை ஆலை, எங்கெங்கே? இதற்கு 1964-இல் ஹகிமி என்பவர் எழுதிய பி-மீடியன் கணக்குதான் அடித்தளம்: மொத்தப் போக்குவரத்து தூரம் மிகக் குறைவாக வரும்படி குறிப்பிட்ட எண்ணிக்கையில் மையங்களைத் தேர்ந்தெடுப்பது. ரேஷன் கடை, ஆம்புலன்ஸ் நிறுத்தம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு உதவும் என்பதால், இதைக் கற்றவருக்கு வேலை வேறு துறைகளிலும் கிடைக்கும்.

பறவைகளைப் பற்றி உங்கள் மாடல் என்ன சொல்கிறது?

தரவு கொடுத்தால்தான் அது சொல்லும், கொடுக்காவிட்டால் பறவையே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். அதுதான் ஆபத்து.

மன்னார்த் தீவைப் பாருங்கள். இலங்கை மின்சார சபையின் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் அங்கே திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள். காற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் இலங்கையின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று. அதே மன்னார் மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் பாதையிலும் இருக்கிறது, பூநாரைகள் வந்து இறங்கும் வங்காலை சரணாலயம் பக்கத்தில்தான். காற்றுக்கு நல்ல வழி பறவைக்கும் நல்ல வழியாக இருப்பது தற்செயல் இல்லை. அங்கே மீனவர்களும் விவசாயிகளும் எழுப்பும் கேள்விகளை நான் எதிர்ப்பாகப் பார்ப்பதில்லை. என் வரைபடத்தில் விடுபட்டுப்போன தாள்களாகவே பார்க்கிறேன்.

ராஜஸ்தானில் கானமயில் என்ற, அழியும் நிலையில் இருக்கும் பெரிய பறவையின் பிரச்சினையும் இதுதான். அங்கே கொல்வது மின்கம்பிகள். உச்ச நீதிமன்றம் 2021-இல் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024 மார்ச்சில் அந்த உத்தரவை மாற்றி நிபுணர் குழு அமைத்தது. கானமயில் எங்கே பறக்கிறது என்ற தாள் முதலிலேயே இருந்திருந்தால், கம்பி போகும் வழியை வேறு மாதிரி வரைந்திருக்கலாம்.

பெண்கள் களப்பணிக்குப் போக முடியுமா? வீட்டில் தயங்குகிறார்கள்.

அன்னா மாணியைப் பற்றி வீட்டில் சொல்லுங்கள். 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். இந்திய வானிலைத் துறையில் 1948-இல் சேர்ந்து, துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வைத்து, நாடு முழுக்க அளவீட்டு நிலையங்கள் அமைத்தார். ஓய்வுக்குப் பிறகு நாடெங்கும் காற்றை அளந்து தொகுக்கும் வேலையை முன்னின்று நடத்தினார். நாம் இன்று சுலபமாக இறக்கிக்கொள்ளும் வரைபடங்களுக்கு முன்னால், கம்பம் நட்டுக் கருவி கட்டி அளந்த தலைமுறை அவருடையது.

என் அனுபவத்தில், தனியாகப் போகாதீர்கள், ஊர்த் தலைவரிடமும் விஏஓவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தண்ணீரும் தொப்பியும் மறக்காதீர்கள். ஆண் மாணவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். ஊர்ப் பெண்கள் என்னிடம் தயங்காமல் பேசுவார்கள். ஓடையும் ஊற்றும் எங்கே இருக்கின்றன என்று அவர்களைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

என்ன படிக்க வேண்டும்?

மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், சிவில், புவியியல், இயற்பியல், கணிதம் எதிலிருந்தும் வரலாம். புள்ளியியல் நன்றாகத் தெரிய வேண்டும், சிறந்த தீர்வைத் தேடும் உகப்பாக்கக் கணிதத்தில் (ஆப்டிமைசேஷன்) நேரியல் நிரலாக்கம் வரைக்கும் பிடிபட வேண்டும். மென்பொருளில் க்யூஜிஐஎஸ், பைத்தான் இரண்டும் இலவசம். காற்று மதிப்பீட்டுக்கு டென்மார்க்கின் வாஸ்ப் பல நிறுவனங்களில் புழங்குகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆற்றல் ஆய்வுகள் நிறுவனம், சென்னை ஐஐடி போன்ற இடங்களில் மேற்படிப்பு உண்டு. பள்ளிக்கரணை நிறுவனத்துக்குக் கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையம் இருக்கிறது, வாய்ப்பு கிடைத்தால் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம். நானும் பத்தாவது வரை தமிழ் வழிதான். கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்துக் காற்றைப் பிரித்துப் பார்த்த மொழி நம்முடையது. எந்தத் திசையிலிருந்து எவ்வளவு காற்று என்று நாங்கள் வரையும் படமும் அதைத்தான் செய்கிறது.

பிஎச்டி. கட்டாயமா? பணம் எப்படி?

ஆராய்ச்சி நிறுவனத்தில் நிலைக்க வேண்டுமென்றால் வேண்டும். நிறுவனங்களில் வேலை செய்ய எம்.டெக். போதும். சிஎஸ்ஐஆர் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், மூத்த நிலைக்கு 42,000. வீட்டுப் பொறுப்பு இருப்பவர்களுக்கு இது இறுக்கமான தொகைதான், அதை யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வேலை எங்கே கிடைக்கும்?

காற்றாலை தயாரிக்கும் நிறுவனங்கள், மின் திட்ட நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், கொள்கை ஆய்வு மையங்கள். பலருக்குத் தெரியாத ஓரிடம் வங்கி. கடன் கொடுக்கும் முன் இந்தப் பண்ணை எவ்வளவு மின்சாரம் தரும் என்று கேட்பார்கள். நடுமதிப்பீடு வருடத்துக்கு 100 லட்சம் யூனிட், அதில் நிச்சயமின்மை 10 சதவீதம் என்றால், பத்துக்கு ஒன்பது வருடம் எட்டக்கூடிய அளவு சுமார் 87 லட்சம்தான். வங்கி அந்த 87-ஐப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடும். நிச்சயமின்மையை 10-லிருந்து 7 ஆகக் குறைக்கும் அளவுக்கு அளவீட்டைச் சரியாகச் செய்பவருக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

இனிமேல் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது?

நிறைய. மிக நல்ல இடங்களில் எல்லாம் 1980-கள், 90-களின் சின்னக் காற்றாலைகள் நிற்கின்றன. தூத்துக்குடியில் 1986-இல் முதலில் வைத்தவை 55 கிலோவாட். இன்றைய ஒரு காற்றாலை 3,000 கிலோவாட்டுக்கு மேல். பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைத்தால் பெரிய லாபம். ஆனால் பத்துச் சின்னக் காற்றாலைக்குப் பத்து முதலாளிகள் இருப்பார்கள், பல நூற்பாலைகள் தங்கள் தேவைக்கென்று ஆளுக்கு ஒன்று வைத்திருக்கின்றன. பத்துப் பேரும் சேர்ந்து ஒன்றை வைத்தால் யாருக்கு எவ்வளவு பங்கு? என் இப்போதைய மாணவி இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் கடல். குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைக்கு ஒன்றிய அரசு 2024-இல் நிதி உதவி அறிவித்தது. மன்னார் வளைகுடாவில் எங்கே நடலாம் என்று கேட்டால், மீனவர்களின் வலை விழும் இடம் எந்த வரைபடத்திலும் இல்லை. அந்தத் தாளை அவர்களோடு உட்கார்ந்து புதிதாக வரைய வேண்டும். யாராவது இளைஞர்கள் அதைச் செய்ய வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.

இந்த விடுமுறையிலேயே தொடங்க என்ன செய்யலாம்?

உங்கள் தாலுகாவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகக் காற்று வரைபடம் 250 மீட்டர் கட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 30 மீட்டர் துல்லியத்தில் நில உயரத் தரவும் கிடைக்கும். இரண்டையும் க்யூஜிஐஎஸ்ஸில் போட்டு, சாலை, ஊர், நீர்நிலைகளைக் கழித்து, மேலே வரும் ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கர வண்டியில் ஐந்துக்கும் போய் வாருங்கள். அங்கே யார் இருக்கிறார்களோ அவர்களிடம் இந்த இடத்துக்கு என்ன பெயர், மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஐந்தில் எத்தனை மிஞ்சியது என்று எனக்கு எழுதுங்கள்.